மைல் டிக்கெட்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

கிரெடிட் கார்டு பாயின்ட்டை விமான மைல்களாக (விமான நிறுவனக் கணக்கில் சேரும் புள்ளிகள்) மாற்றி டிக்கெட் போடுவது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். மகள் மான்செஸ்டரில் இருப்பதால் சென்னையிலிருந்து போய்வர இதைத்தான் நம்பியிருக்கிறோம். பலன் இருக்கிறது. ஆனால் இதை ‘ஃப்ரீ டிக்கெட்’ என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

மைல் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற வரி பணம் கட்டும் பக்கத்தில்தான் தலைகாட்டும். அதை விரித்துப் பாருங்கள். கே3 என்ற குறியீடு நம்மூர் ஜிஎஸ்டி. ஒய்க்யூ, ஒய்ஆர் என்று இருப்பதில் ஒரு பைசாகூட அரசுக்குப் போகாது. விமான நிறுவனமே போட்டு வைத்துக்கொள்ளும் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம் அது. போன முறை ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு 60,000 மைலோடு 41,000 ரூபாயும் கேட்டார்கள். பாதிக்கு மேல் ஒய்க்யூ. அதே விமானத்துக்கு முழுப் பணமும் கட்டினால் 72,000. ஆக, 60,000 மைலுக்குக் கிடைத்தது 31,000 ரூபாய். ஒரு மைலுக்கு 52 பைசாகூட முழுதாகத் தேறவில்லை. எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் சர்சார்ஜை 2017-லேயே எடுத்துவிட்டது.

பாயின்ட் மைலாக மாறுவதில் ஆகும் தாமதம் வேறு கதை என்று நினைக்க வேண்டாம், எங்களுக்குச் சர்சார்ஜ் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பாயின்ட் ‘இரண்டு நாளில் வந்துவிடும்’ என்றது வங்கி. கிட்டத்தட்ட ஒரு வாரம் இழுத்தது. அதற்குள் சர்சார்ஜ் குறைவான சீட்டெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது, அதே மைலை ஏற்கும் கூட்டாளி நிறுவனத்தின் சர்சார்ஜ் கூடிய சீட். மாற்றிய மைலைத் திரும்ப கார்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, எடுத்துத்தான் ஆகவேண்டும். இன்னொரு முறை சீட் திரையில் இருந்தது, கிளிக் செய்தால் எரர். போன் போட்டால், “சார், அது பார்ட்னர் சீட், எங்க சிஸ்டத்துல காட்டல” என்று பதில்.

இப்போது ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் மைலை மட்டும் முன்கூட்டியே மாற்றி வைக்கிறேன். அதற்கு மேல் மாற்றுவதில்லை. மைல் காலாவதியாகிவிடலாம், தேவைப்படும் மைல் எண்ணிக்கையையும் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றிவிடுவார்கள்.

திரும்பும் டிக்கெட்டைத் தனியாகப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது அந்த அரசின் பயணிகள் வரி சேரும், பிசினஸ் கிளாஸில் இன்னும் அதிகம். எகானமியில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது கிடையாது. பேத்தி டிக்கெட்டில் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். திரும்பும் பயணத்துக்கு ஆஃபர் வந்தால் பணம் கொடுத்தே வாங்கிவிடுகிறோம்.

கூட்டாளி விமானத்தில் போட்டால் பிஎன்ஆர் வந்ததும் விட்டுவிடாதீர்கள். 13 இலக்க டிக்கெட் நம்பர் வந்தால்தான் டிக்கெட். எங்களுக்கு அது மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் போன் போட்டுக் கேட்ட பிறகு.