மேலூர் டைப்பிங் கடையில் லினக்ஸ் மின்ட்: நெடுநாள் அனுபவம்

மேலூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று கணினிகள். இரண்டில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது; விண்டோஸ் மாதிரி இதுவும் ஒரு இயங்குதளம்தான், ஆனால் இலவசம். மின்ட் 20 வந்த 2020-ல் போட்டது. அப்புறம் 21, இப்போது 22. மூன்றாவதில் மட்டும் விண்டோஸ் இருக்கிறது. அது ஏன் இன்னும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், "அண்ணே, நாமளும் மாத்திரலாமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடப்பதோ நாலாம் தலைமுறை ஐ3. காசு கொடுத்து உரிமம் வாங்கியவர்களும் குறைவு. இது அவர்களுக்காக எழுதியது.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லினக்ஸ் போட்டதும் பழைய கணினி பறக்கிறது என்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டியதால் வருவது. மின்ட்டில் 4 ஜிபி ராம் உள்ளதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும், 8 ஜிபி உள்ளதில் சின்னமன் பதிப்பும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் குறையில்லை. குரோமில் இருபது டேப் திறந்தால் எந்த இயங்குதளமானாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

எங்கள் பிழைப்பு தமிழ் டைப்பிங். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகிறவர்கள் காலையிலேயே மனு அடிக்க வந்துவிடுவார்கள். அந்த அவசரத்தில் விசைப்பலகை மக்கர் செய்தால் கதை முடிந்தது. மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடி நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் என விசைப்பலகை முறைகள் எல்லாமே பட்டியலில் வந்துவிடும். தமிழ்99 என்ற பெயரில் கீபோர்டு லேஅவுட் பகுதியிலும் ஒன்று உண்டு. ஆனால் க-வை இரண்டு முறை அடித்தால் தானாகப் புள்ளி விழுந்து க்க ஆகிற வசதி ஐபஸ் வழியாகப் போட்டால்தான் கிடைக்கும். பழக்கம் உள்ளவர்கள் அதையே எடுங்கள்.

மின்ட்டில் எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக இருப்பது லிப்ரே ஆபிஸ். அதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழுக்கான எழுத்துருவை அது ஆங்கிலத்திலிருந்து பிரித்து, சிடிஎல் (இந்திய மொழிகள் போன்றவற்றுக்கான பிரிவு) என்று தனியாக வைத்திருக்கிறது. அங்கே இயல்பாக இருப்பது லோகித் தேவநாகரி. அதில் தமிழ் எழுத்து கிடையாது; ஆகவே மென்பொருள் வேறு ஏதோ ஒன்றைக் கடன் வாங்கிக் காட்டும். வரி இடைவெளி கோணலாகத் தெரியும், அளவை மாற்றினால் தமிழ் மட்டும் அசையாமல் நிற்கும். பாராகிராஃப் ஸ்டைலுக்குள் போய் சிடிஎல் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழையோ மருதத்தையோ ஒருமுறை வைத்து, அதையே டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் அப்புறம் தொந்தரவில்லை.

உண்மையான சண்டை லினக்ஸோடு அல்ல, பழைய எழுத்துருக்களோடு. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்தது. ஆனால் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் எல்லார் பென்டிரைவிலும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எழுத்துருக்கள் மேலே தமிழாகத் தெரிந்தாலும் அடியில் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகக் கிடக்கும். எழுத்துருக் கோப்பை மின்ட்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவிவிட்டால் கோப்பு ஒழுங்காகத் தெரியும், அடிக்கவும் முடியும். ஆட்டோ கரெக்டை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறேன் என்று அது புறப்படும். பாமினியில் சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறு வேறு தமிழெழுத்து என்பதால் 'அய்யா' என்று தொடங்கிய மனுகூட உளற ஆரம்பிக்கும்.

ஒருங்குறிக்கு மாறியதன் அருமை மொய் நோட்டில்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் காதுகுத்து, வசந்த விழா முடிந்ததும் மொய் நோட்டைக் கொண்டுவந்து, ஊர் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள் என்பார்கள். பாமினியில் அடித்த பட்டியலை வரிசைப்படுத்தினால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தின்படி ஊர்கள் தாறுமாறாக நிற்கும். ஒருங்குறியில் அடித்து, லிப்ரே ஆபிஸின் எக்செல் போன்ற கால்க்கில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று வைத்தால் அழகர்கோவில், கொட்டாம்பட்டி, வெள்ளலூர் என்று அகரவரிசையில் வந்து நிற்கின்றன. இதற்கு விண்டோஸா லினக்ஸா என்பது பொருட்டே இல்லை. ஒருங்குறியில் இருக்கும் வேலை எதையும் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

பென்டிரைவ் விஷயத்தில் மின்ட் எங்களுக்குத் தனி வாடிக்கையாளர்களையே கொண்டுவந்தது. "தம்பி, உள்ள எல்லாம் ஷார்ட்கட்டா காட்டுது, பையன் சர்டிபிகேட் போச்சா?" என்று கலங்கிப்போய் வருவார்கள். பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. அந்த வைரஸ் கோப்புகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்து ஏமாற்றுகிறது. விண்டோஸுக்கான மறைவுக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. செருகியதும் அசல் கோப்புகள் அப்படியே தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமும் கிடக்கும். அசலை நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்து திருப்பிக் கொடுப்போம். அந்த வைரஸ் எங்கள் கணினியில் ஓடாது என்பதால் பயமும் இல்லை. எதிர்க்கடைக்காரரே ஆளனுப்பி வைக்கிறார்.

ஸ்கேன், போட்டோ வேலைகளும் சுகம்தான். தேர்வு விண்ணப்பங்களில் போட்டோவை 20 கேபி-யிலிருந்து 50 கேபி-க்குள் கேட்பார்கள். போட்டோ திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் ஜேபிஜி ஏற்றுமதி செய்யும்போது பிரிவியூவை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்கக் கோப்பின் அளவு கண்முன்னே இறங்குவது தெரியும். பிரிண்டர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எச்பி வகைகள் செருகியதும் ஓடின. எங்களிடமிருந்த இன்னொரு பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவரைப் பிடித்து ஓட வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் அதை விண்டோஸ் கணினிக்கே தள்ளிவிட்டேன். ஒரு முறை அப்டேட்டுக்குப் பின் வைஃபை டாங்கிள் செத்துப்போனது. ஆரம்பத் திரையில் பழைய கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்து வேலையைத் தொடர்ந்தோம். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டை முதல் நாளே இயக்கி வையுங்கள்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்புகள் இன்னும் கிராமத்து வீடுகளில் பீரோ மேல் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை எண்ணிவிடலாம். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் மென்பொருளை மட்டும் கொடுத்தால் அப்படித்தான். பேட்டரி போனாலும் ஒயரில் ஓடுகிறதென்று யாராவது கொண்டுவந்தால் எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். டைப்பிங் பழக, பாட வீடியோ பார்க்கப் போதும்.

இனி அந்த மூன்றாவது கணினி. மஞ்சுவிரட்டு சுவரொட்டி, மோர்ப்பந்தல் நோட்டீஸ் எல்லாம் மதுரை அச்சகத்துக்குப் போக வேண்டும். லினக்ஸில் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் 1.6-ல் தமிழ் உடையாமல் வருகிறது, பிடிஎஃப்பும் சுத்தம். அனுப்பினால், "அண்ணே, பிடிஎஃப் வேணாம், பேஜ்மேக்கர் ஃபைலாவே அனுப்புங்க, பேரு கீரு மாத்தணும்னா நாங்களே மாத்திக்குவோம்" என்று பதில் வருகிறது. விண்டோஸில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்பு 2001-ல் வந்தது. அதற்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. எங்கள் பக்கம் அது இன்னும் ராஜா. லிப்ரே ஆபிஸ் டிரா அந்தக் கோப்பைத் திறக்கவும் செய்கிறது. எழுத்து சரியாக இருக்கும், ஆனால் கட்டங்கள் இடம்பெயர்ந்து மாப்பிள்ளை பெயர் பெண் வீட்டார் பக்கம் போயிருக்கும். கையெழுத்துக்கான டிஜிட்டல் டோக்கன், ஆதார் கைரேகைக் கருவி இரண்டும் இதே கதைதான்: கைரேகைக் கருவியைக் கணினியோடு இணைக்க வேண்டிய ஆர்டி சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே வருகிறது.

ஆகவே மனு, விண்ணப்பம், ஸ்கேன், பில் மட்டும் உள்ள கடை என்றால் தாராளமாக முழுக்க மாறலாம். அச்சகத்தோடு தொழில் உள்ளவர்கள் ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். மாற்றும் முன் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓடவிட்டு, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி விண்டோஸ் வந்துவிடும்.