லோகெட்டுக்கு இரண்டு மணி நேரம் போதாது

செக் நாட்டின் கார்லோவி வாரிக்கு வெந்நீர் ஊற்று பார்க்கப் போகிறவர்கள் பலரும் லோகெட்டை ஒரு தொடுகறி மாதிரிதான் வைத்துக்கொள்கிறார்கள். முற்பகலில் வந்து இறங்கி, பாலத்தில் நின்று படம் எடுத்து, கோட்டைக்குள் ஒரு சுற்று ஓடி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் ஊரின் சுமாரான பகுதியைப் பார்த்துவிட்டு, நல்ல பகுதியை விட்டுவிட்டு வருவீர்கள். உண்மையில் இரண்டில் மூத்த ஊர் லோகெட்தான். நான்காம் சார்லஸ் மன்னர் லோகெட் கோட்டையிலிருந்து வேட்டைக்குப் போனபோதுதான் அந்த வெந்நீர் ஊற்று கண்ணில் பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. கார்லோவி வாரிக்கு அவர் நகர உரிமை கொடுத்தது 1370இல். லோகெட் கோட்டையின் மிகப் பழைய சுவர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தவை.

ஊர் இருப்பது செக் நாட்டின் மேற்கு ஓரத்தில். மூவாயிரம் பேர் வசிக்கும் இடம். ஓர்ஷே ஆறு ஒரு கருங்கல் பாறையை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. பாறை உச்சியில் கோட்டை, அதன் காலடியில் வளைந்த சந்தைச் சதுக்கம், அதைச் சுற்றி ஓட்டுக்கூரை வீடுகள். லோகெட் என்றால் செக் மொழியில் முழங்கை. ஆறு மடங்கும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர். பழைய செக் நாட்டில் துணி அளந்த அளவுக்கும் இதே பெயர்தான், நம் முழம் போல. ஆனால் அவர்கள் முழம் நம்முடையதைவிட நீளம், 59 சென்டிமீட்டருக்குப் பக்கம் வரும்.

பெயரைப் பற்றி நடைமுறைக்கு உதவும் இரண்டு விஷயம். செக் மொழியில் பெயர்ச்சொல்லும் வேற்றுமை ஏற்று உருமாறும். ‘லோகெட்டுக்கு’ என்பது ‘டோ லோக்டெ’, ‘லோகெட்டில்’ என்பது ‘வ் லோக்டி’. விளம்பரப் பலகையிலோ அறிவிப்பிலோ இப்படிப் பார்த்தால் வேறு ஊர் என்று குழம்ப வேண்டாம். இரண்டாவது, ஊருக்கு எல்போகன் என்று ஒரு ஜெர்மன் பெயரும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இங்கே பெரும்பான்மை ஜெர்மன் பேசியவர்களே. போருக்குப் பிறகு அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பழைய வரைபடங்களிலும் கல்லறைகளிலும் எல்போகன்தான் இருக்கும்.

போகும் வழி எளிது. ப்ராக்கிலிருந்து கார்லோவி வாரிக்குப் பேருந்தே சரி, இரண்டே கால் மணி நேரம் ஆகும். ரயில் வடக்கே சுற்றிக்கொண்டு போவதால் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். கார்லோவி வாரியிலிருந்து லோகெட் சுமார் 12 கிலோமீட்டர், உள்ளூர்ப் பேருந்தில் அரை மணி. சிக்கல் வருவது திரும்பும்போது. வார நாளில் ஓடும் அளவு வண்டி சனி ஞாயிறுகளில் ஓடாது, மாலையில் இடைவெளி இன்னும் கூடும். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் நேரத்துக்கு மேலே சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் அந்த வண்டி வேலை நாளில் மட்டும், சிலுவை போட்டிருந்தால் ஞாயிறு, விடுமுறை நாட்களில். இதைக் கவனிக்காமல் நேரத்தை மட்டும் படம் எடுத்துவைத்துவிட்டு ஞாயிறு மாலை நிறுத்தத்தில் காத்துக் கிடப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ‘இடோஸ்’ என்ற செக் பயணத் தளத்தில் தேதியைப் போட்டுப் பார்த்தால் பேருந்து, ரயில் இரண்டும் சரியாகக் காட்டும்.

காரில் போகிறவர்கள் நெடுஞ்சாலை வரியை இணையத்திலேயே கட்டிவிட வேண்டும். 2021 முதல் கண்ணாடியில் ஒட்டும் வில்லை கிடையாது. வண்டியைப் பழைய ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. இன்னொன்றை மறக்கவே கூடாது: செக் நாட்டில் ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவின் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு குவளை பியர் குடித்தாலும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

பாலத்திலிருந்து தெரியும் காட்சிதான் எல்லாப் படங்களிலும் வருவது. 1830களில் இங்கே ஒரு சங்கிலித் தொங்கு பாலம் இருந்தது, இப்போதைய கான்கிரீட் வளைவுப் பாலம் 1936இல் வந்தது. பாலத்தைத் தாண்டியதும் மேடு ஆரம்பம். தரை முழுக்க உள்ளங்கை அளவு கருங்கல் கட்டிகள், நூற்றாண்டுத் தேய்மானத்தில் வழுவழுப்பு ஏறியவை. மழை பெய்தால் தோல் செருப்பு வழுக்கும். சக்கரப் பெட்டியை இழுத்துப் போனால் சக்கரம் இடுக்குகளில் மாட்டும். பிடிப்புள்ள ரப்பர் அடிக் காலணியும் முதுகுப் பையும்தான் இந்த ஊருக்கு ஏற்றவை. முட்டி வலி உள்ளவர்களுக்குச் சதுக்கம் வரை சமாளிக்கலாம், கோட்டை கஷ்டம்.

இனி கோட்டை. செக் நாட்டின் பல கோட்டைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள். லோகெட் ஆண்டு முழுவதும் திறந்திருப்பது. குளிர்காலத்தில் மாலை சீக்கிரமே கதவடைப்பார்கள், அதனால் நவம்பருக்கு மேல் போனால் மதியத்துக்குள் நுழைந்துவிடுங்கள். வழிகாட்டி இல்லாமல் நம் இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்க்க விடுவது பெரிய வசதி. உள்ளே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கோபுரத்தில் ஏறுங்கள். 26 மீட்டர் உயரம், உள்ளே குறுகலான படிகள், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். காலையில் போகச் சொல்வதற்கு அதுதான் காரணம். மேலே நின்றால்தான் ஆற்றின் மடிப்பு முழுசாகப் புரியும். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தண்ணீரைத் தாண்ட வேண்டும், தாண்டினாலும் செங்குத்துப் பாறை. ஊர் ஏன் இங்கே அமைந்தது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

வரலாற்றில் இந்தக் கோட்டைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு குழந்தையின் சிறைவாசம். 1319இல் லக்ஸம்பர்க் வம்சத்து அரசர் ஜான், தன்னை எதிர்த்துச் சதி நடக்கிறது என்ற சந்தேகத்தில், மனைவி எலிஷ்கா தங்கியிருந்த இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். மூன்று வயது மகனைத் தாயிடமிருந்து பிரித்து நிலவறையில் இரண்டு மாதம் அடைத்துவைத்தார் என்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ப்ராக் பல்கலைக்கழகத்தை நிறுவி, கல் பாலம் கட்டி, புனித ரோமப் பேரரசராக முடிசூடிய நான்காம் சார்லஸ். தலை இடிக்கும் அந்தக் கல் அறைகளின் ஈரத்தை ஜூலை மாதத்திலும் தோலில் உணரலாம். மெல்லிய மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

காட்சிப்பொருள்களில் மூன்றுக்கு நேரம் கொடுக்கலாம். பீங்கான் சேகரிப்பு முதலாவது. இந்த வட்டாரம் வெள்ளைக் களிமண் பூமி, 19ஆம் நூற்றாண்டில் ஹைடிங்கர் சகோதரர்கள் இந்த ஊரிலேயே பீங்கான் ஆலை நடத்தினார்கள். இரண்டாவது, ரோமானஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியில் அமைந்த சின்ன வட்டக் கோயிலின் எச்சம். பிற்காலக் கட்டடத்துக்குள் மறைந்து கிடந்ததால் பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். மூன்றாவதும் சிறந்ததும் அந்த விண்கல். எல்போகன் விண்கல் என்று அறிவியல் பட்டியல்களில் பதிவானது, முழு எடை 107 கிலோ, பெரும் பகுதி வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, இங்கே இருப்பது சிறு பகுதிதான். ஊர்க்காரர்கள் அதைச் ‘சபிக்கப்பட்ட கோட்டைத்தலைவன்’ என்பார்கள். ஏழைகளை வதைத்த ஒரு கோட்டைத்தலைவன் சாபம் பட்டு இரும்புக் கட்டியாகிவிட்டானாம். கிணற்றில் தூக்கிப் போட்டும் மறுபடி மேலே வந்து சேர்ந்த கல் அது. இந்த வகை விண்ணிரும்பை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைக் கோடுகள் தெரியும். இரும்பும் நிக்கலும் பல பத்து லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறியதால் வளர்ந்த படிகங்கள். பூமியில் எந்தக் கொல்லனாலும் அந்தக் கோலத்தைப் போட முடியாது.

சித்திரவதைக் கூடத்தை மட்டும் பரிந்துரைக்க முடியவில்லை. 1822 முதல் 1940களின் இறுதி வரை கோட்டை சிறையாக இருந்தது. அந்த அறைகளில் பொம்மை மனிதர்களை நிறுத்தி, ஆள் நெருங்கினால் அலறல் ஒலிக்கும்படி செய்திருக்கிறார்கள். உண்மையில் இங்கே அடைபட்டவர்களைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சின்னக் குழந்தைகள் பயந்து அழுவது நிச்சயம். குழந்தையோடு போனால் நுழைவிலேயே கேட்டு அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

சதுக்கத்துக்கு இறங்கி வந்தால் பேரோக் என்னும் அலங்காரப் பாணியில் கட்டிய நகர மன்றம், திரித்துவத் தூண், வரிசையாக விடுதிகள். ‘வெள்ளைக் குதிரை’ விடுதியில்தான் ஜெர்மன் கவிஞர் கதே 1823 ஆகஸ்ட் 28 அன்று தன் 74ஆவது பிறந்தநாளைக் கொண்டாடினார், 19 வயது உல்ரிகேவின் குடும்பத்தோடு. அவர் அவளை மணக்க விரும்பினார், அது நடக்கவில்லை.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மெனுவில் ‘பெஸ் மசா’ என்ற தலைப்பு இருந்தால் இறைச்சி இல்லாத உணவுகள் அதன் கீழே வரும். ஆனால் ‘இறைச்சித் துண்டு இல்லை’ என்பதுதான் அதன் பொருள். சூப் எலும்புச் சாற்றில் செய்திருக்கலாம், ரொட்டி உருண்டையின் மேல் பன்றிக்கொழுப்பில் வதக்கிய வெங்காயம் தூவியிருக்கலாம், பருப்பு கேட்டால் ஓரத்தில் தொத்திறைச்சியோடு வரலாம். ‘பெஸ் மசா, பெஸ் ஸ்லானினி’ (இறைச்சி வேண்டாம், உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். நம்பிக் கேட்கக்கூடியது ‘ஸ்மஷெனி ஸீர்’. விரலளவு தடிமனான பாலாடைக்கட்டியை மாவு, முட்டை, ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்து, உருளைக்கிழங்கோடு தருவார்கள். ஆறினால் ரப்பராகிவிடும், வந்தவுடன் சாப்பிட வேண்டும். ‘பிரம்போராக்’ என்பது துருவிய உருளைக்கிழங்கில் பூண்டும் மருக்கொழுந்து வாசமுள்ள ஓர் இலையும் சேர்த்துச் சுட்ட அடை. நம் நாக்குக்கு மிக நெருக்கமானது இதுதான். மாவில் முட்டை உண்டு.

சதுக்கத்தில் ‘செயின்ட் ஃப்ளோரியன்’ என்ற சிறு பியர் ஆலை, விடுதியோடு சேர்ந்தே இயங்குகிறது. பலகையில் 11, 12 என்று பாகைக் குறியோடு இருக்கும் எண்ணைப் பார்த்து மது சதவீதம் என்று மலைக்க வேண்டாம். காய்ச்சும் முன் சாற்றில் இருந்த மால்ட் சர்க்கரையின் அளவு அது. 12 பாகை என்றால் மது ஏறத்தாழ 5 சதவீதம். வெளியே போய்ப் பொதுக் குழாயைத் தேட வேண்டாம், தண்ணீரும் கேட்டு வாங்கிக் காசு கொடுத்துக் குடிக்க வேண்டியதுதான். நாணயம் செக் கொருனா, யூரோவில் கொடுத்தால் நஷ்டம். அட்டை இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா’ என்று கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

லோகெட்டின் நல்ல பகுதி என்று முதலில் சொன்னது ஆற்றோர நடையைத்தான். ஊரிலிருந்து நீரோட்டத்தின் போக்கிலேயே கார்லோவி வாரியின் தென்மேற்கு ஓரமான டோபி வரை ஒரு பாதை போகிறது. சுமார் 11 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மரத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைக்கு நடுவே நீலப் பட்டை தீட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. பாதி தூரம் தாண்டியதும் ஸ்வடோஷ் பாறைகள் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். கருங்கல் வெடிப்புகளில் மழையும் பனியும் புகுந்து, தூண் தூணாகப் பிரித்துவிட்டவை. நீர்த் தேவதைக்குக் கொடுத்த வாக்கை மீறி ஸ்வடோஷ் என்பவன் கல்யாணம் செய்தபோது ஊர்வலம் மொத்தமும் கல்லாகிவிட்டது என்று கதை. எதிர்க்கரையில் நின்றால் முன்னே போகிறவர்கள், பின்னே வருகிறவர்கள் என்று வரிசை தெரியத்தான் செய்கிறது. அங்கே ஒரு தொங்கு நடைபாலமும் சாப்பாட்டுக் கடையும் உண்டு. டோபியை அடைந்தால் நகரப் பேருந்து கிடைக்கும், லோகெட் பேருந்தின் மாலை இடைவெளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோடையில் இதே தூரத்தை வாடகைப் படகிலும் போகலாம்.

ஒரு இரவு தங்க முடிந்தால் தங்குங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் பகல் கூட்டம் வடிந்துவிடும், சதுக்கத்தில் ஊர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் கோட்டையைப் பின்னணியாக வைத்த திறந்தவெளி அரங்கில் இசை நாடகங்கள் நடக்கும். அந்த நாட்களிலும், ஊரை ஒட்டிய தளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் வார இறுதியிலும் அறை கிடைக்காது. மே மாதமோ செப்டம்பரின் முதல் பாதியோ தோதானது. இரவு உணவை மட்டும் எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், கடை திறந்திருந்தாலும் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.