தோள்மூட்டு மாற்றிய பிறகும் வலி: பொறுத்துப் பார்ப்பதா, மறுபடி திறப்பதா?

தேய்ந்த தோள்மூட்டை மாற்றி மூன்று மாதம் தாண்டியும் வலி விடவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு: பயிற்சியும் மருந்துமாகப் பொறுத்துப் பார்ப்பது, அல்லது மறு அறுவை. தஞ்சை, நாகைப் பக்கம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: எண்ணெய் போட்டு நீவி, கையை இழுத்து விடுவது. அதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இழுத்தால் தைத்த தசைநார் அறும். மூட்டே நழுவிப் போகவும் கூடும்.

எந்த வழி என்பதை வலி வந்த விதம்தான் சொல்லும். அறுவைக்கு முன்பிருந்த அதே வலி அப்படியே தொடர்ந்து, முழங்கைக்குக் கீழே இறங்கி விரல் மரத்துப் போனால் கழுத்து நரம்பைப் பாருங்கள். ஒரு வருடம் நன்றாக இருந்து பிறகு வந்த வலி என்றால் மூட்டு தளர்ந்திருக்கலாம், தசைநார் கிழிந்திருக்கலாம், கிருமியும் இருக்கலாம்.

எந்த வகை மூட்டு என்பதும் முக்கியம். சாதாரண வகையில் பந்து கை எலும்பிலும் கிண்ணம் தோள்பட்டை எலும்பிலும் இருக்கும். அதைப் பொருத்த முன்பக்கத் தசைநாரைப் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். அந்தத் தையல் விட்டுப்போனால் உள்ளங்கையால் வயிற்றை அமுக்கும்போது முழங்கை பின்னால் நழுவும். பிரான்ஸில் கிராமோன் என்ற அறுவை மருத்துவர் 1985இல் கொண்டுவந்த ரிவர்ஸ் மூட்டில் பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும். கையைத் தூக்கும் வேலையைப் பெரும்பாலும் தோளின் மேல் மூடியிருக்கும் டெல்டாய்டு தசையே செய்யும். அந்தத் தசை பிடித்திருக்கும் தோள் உச்சி எலும்பில் சில சமயம் மயிரிழை விரிசல் விழும். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்ட முடியும். எக்ஸ்ரேயில் தப்பினாலும் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியும். பெரும்பாலும் தூளிக்கட்டும் ஓய்வும்தான் முதல் வைத்தியம்.

அதிகம் தவறவிடப்படுவது கிருமித் தொற்று. தோளில் வரும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் தோலிலேயே வாழும் கிருமி, மெதுவாக வளரும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சரியாகவே இருக்கலாம். மூட்டு நீரை ஊசியில் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குக் கொடுக்கும்போதே '14 நாள் வைத்துப் பாருங்கள்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் நாளே 'வளரவில்லை' என்று கல்ச்சர் தட்டை எடுத்துவிட்டால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டி ஆன்டிபயாடிக் போட்டாலும் கிருமி ஒளிந்துகொள்ளும். மாதிரி எடுக்குமுன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் இல்லாமல் இருக்க வேண்டும். அதையும் அவசரத் தொற்று இல்லாதபோது மட்டும், டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

பொறுத்துப் பார்ப்பது எப்போது சரி? எக்ஸ்ரே மாறாமல், கல்ச்சர் சுத்தமாக, மாதத்துக்கு மாதம் வலி கொஞ்சமாவது குறைந்தால். ஒரு வருடம் வரைகூட முன்னேற்றம் வரும். கிணற்றுக் கப்பியை வாசல் நிலையின் மேல்கட்டையில் மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றக் கையைத் தூக்கலாம்: ஒரு தடவைக்கு பத்து, நாளைக்கு மூன்று வேளை. ரிவர்ஸ் மூட்டுக்காரர்கள் முதல் 12 வாரம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது; வேட்டியைப் பின்னால் சொருகுவதும் அதில் அடங்கும். பாராசிட்டமால் போதாதென்று கடையில் வாங்கும் வலி மாத்திரையைச் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் தொடர்ந்து போட்டால் கிட்னிக்கு ஆபத்து. மாற்று மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம்; தொற்றுக்கு வழி திறந்துவிடும்.

மறு அறுவைக்குத் தெளிவான காரணம் வேண்டும்: தளர்ந்த கிண்ணம், அறுந்த தசைநார், நழுவும் மூட்டு, உறுதியான தொற்று. காரணம் பிடிபடாமல் வலிக்காக மட்டும் திறந்தால் பலன் மோசம் என்பதே எங்கள் கருத்து. சாதாரண மூட்டு தோற்றால் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு மாற்றுவார்கள். தொற்று என்றால் பலருக்கு இரண்டு கட்டம்: பழையதை எடுத்து ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் வைத்து, சில வாரம் மருந்து கொடுத்து, பிறகு புதியது.

தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ இன்னொரு டாக்டரிடம் போகிறீர்களா? முதல் அறுவையின் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும் இம்பிளாண்ட் (பொருத்திய மூட்டு) ஸ்டிக்கரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு கம்பெனி மூட்டையும் கழற்ற அதற்கென்றே கருவி உண்டு; எந்த மூட்டு என்று தெரியாமல் அறுவை மேசையில் படுத்தால் எலும்பைக் கூடுதலாக வெட்ட வேண்டி வரலாம்.