ஒற்றை ஊசியா, இரட்டை ஊசியா, இரத்தமா? மலையகப் பால்மாட்டுக்குக் காசநோய்ச் சோதனை

மலையகத்தில் தோட்டத்து வீடுகளில் மாடு என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். லயத்துக்குப் பின்னால் பலகையும் தகரமும் வைத்து அடைத்த கொட்டில், தேயிலை மலை ஓரம் அறுத்த புல், விடியக்காலையில் பால் எடுக்கிற இடத்துக்குப் போகும் கேன். கொழுந்துச் சம்பளம் எட்டாத செலவெல்லாம் அந்தப் பாலில்தான் ஓடுகிறது. மாட்டுக் காசநோய்க்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை, நோய் உறுதியானால் மாட்டை அறுத்து அகற்றத்தான் வேண்டும். அதனால் எந்தச் சோதனையை நம்பி அந்தத் தீர்ப்பைச் சொல்கிறோம் என்பது ஒரு வீட்டின் வருமானத்தைத் தீர்மானிக்கிற விஷயம்.

முதலில் பழைய முறை, வால் மடிப்பில் போடும் ஒற்றை ஊசி. வாலின் அடியில் மயிர் இல்லாத மெல்லிய தோல் மடிப்பில் 0.1 மில்லி டியூபர்குலினைத் தோலுக்குள்ளேயே ஏற்றுவார்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்த்து அதிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் 72 மணி நேரத்தில் அந்த இடம் தடிக்கும். வேகமான வேலை. ஒரே காலையில் தோட்டத்தின் ஒரு டிவிஷன் மாடுகளை முடித்துவிடலாம். இதே ஒற்றை ஊசியைக் கழுத்திலும் போடலாம், வாலைவிடக் கழுத்துத் தோல்தான் கூடுதலாக உணரும்.

ஒற்றை ஊசியின் குறை, அது இனம் பிரிக்காது. பறவைக் காசநோய்க் கிருமியும், மாட்டுக்குத் தீராத கழிச்சல் தரும் ஜோன்ஸ் நோயின் கிருமியும், மண்ணில் சும்மா கிடக்கும் அதே குடும்பத்துக் கிருமிகளும் மாட்டின் உடம்பில் பட்டிருந்தால், நோயில்லாத மாட்டுக்கும் தோல் தடிக்கலாம். நம்முடைய கொட்டில்களைப் பாருங்கள். தீவனத் தொட்டியிலேயே கோழி ஏறி நின்று கொத்துகிறது. அங்கே ஒற்றை ஊசியை மட்டும் நம்பி மாட்டை அறுக்கச் சொல்வது அநியாயம்.

இரட்டை ஊசி அந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது. கழுத்தில் 12 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் மயிரை வழிப்பார்கள். இரண்டு இடத்திலும் தோலை மடித்துப் பிடித்து, கலிப்பர் என்ற அளவுக் கருவியால் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்வார்கள். அப்புறம் ஓர் இடத்தில் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பறவை டியூபர்குலின், மற்றதில் மாட்டு டியூபர்குலின். சரியாகத் தோலுக்குள் இறங்கியிருந்தால் விரலுக்குப் பயறு அளவில் ஒரு முடிச்சுத் தட்டுப்படும், தட்டுப்படாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாம் நாள் அதே ஆள் வந்து அதே இடங்களை அளப்பது நல்லது. மாட்டு ஊசியின் வீக்கம் பறவை ஊசியின் வீக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் நோய் உண்டு என்று எடுப்பார்கள். 1 முதல் 4 வரை என்றால் சந்தேகம். வெறும் கண்ணால் பார்த்து, கையால் தடவிச் சொல்லும் முடிவை ஏற்க வேண்டாம். கலிப்பர் எங்கே என்று மாட்டு டாக்டரைத் தயங்காமல் கேளுங்கள்.

பிரித்தானியாவில் நெடுங்காலமாக நடப்பது இந்த இரட்டை ஊசிதான். அங்கே நோயில்லாத ஐயாயிரம் மாட்டில் ஒன்றைத்தான் இது தவறாகக் குற்றம் சொல்கிறது என்பது கணக்கு. ஆனால் நோயுள்ள ஐந்து மாட்டில் ஒன்றையாவது தவறவிடுகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் சொல்லும், ஆனால் எல்லாரையும் பிடிக்காது.

மூன்றாவது, இரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் காமா சோதனை. ஆஸ்திரேலியாவில் உருவானது. இரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பரின் குழாயில் எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் இரண்டு வகை டியூபர்குலினோடும் தனித்தனியே வைத்து, வெள்ளணுக்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா விடுகின்றன என்று அளக்கிறார்கள். தொற்றைத் தோல் ஊசியைவிட முந்திப் பிடிக்கும். இதன் பெரிய லாபம், மூன்றாம் நாள் திரும்பி வர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேல் டிவிஷன் பாதையில் மண் சரிந்தால் அந்த மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 72 மணி நேரத்தில் ஆறு மணி முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் போனால் ஊசி வீண்.

ஆனால் அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். எந்த மாதிரியையும் ஐஸ் பெட்டியில் வைப்பதே நம் வழக்கம். இங்கே அது கூடாது. 22 பாகைக்குப் பக்கத்தில், ஆட்டம் அதிகமில்லாமல், கூடிய சீக்கிரம் வேலையைத் தொடங்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் ஜீப்பின் பின்னால் கிடந்து, றம்பொடை வளைவுகளில் குலுங்கிப் பேராதனைப் பக்கம் இறங்கும் குழாயை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, நோயில்லாத நூறு மாட்டில் மூன்று நான்கை இது தவறாகக் குற்றம் சொல்லும். போபத்தலாவ, டயகம போல நூற்றுக்கணக்கில் மாடு நிற்கும் பண்ணையில் நோய் உறுதியானால் அந்த நட்டத்தைத் தாங்கியாவது எல்லாவற்றையும் சுத்தம் செய்யலாம். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டால் தாங்க முடியாது.

இரத்தத்தில் எதிர்ப்பணுவைத் தேடும் எலைசா சோதனை மலிவு, சுலபம். ஆனால் நோய் முற்றிய பிறகே நன்றாகப் பிடிக்கும். மெலிந்து இருமும் கிழட்டு மாட்டின் உடம்பு தோல் ஊசிக்குப் பதிலே சொல்லாமல் போகலாம், அங்கே இது கைகொடுக்கும். அறுத்த மாட்டின் நிணநீர்க் கட்டிகளைப் பார்ப்பதும், கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் உறுதி செய்யத்தான். வளர்க்க எட்டு வாரத்துக்கு மேலும் ஆகும்.

ஆக என் முடிவு: தோட்டத்து வீட்டு மாட்டுக்குக் கழுத்தில் இரட்டை ஊசி. ஆள் போதாவிட்டால் வால் மடிப்பில் தொடங்கலாம், ஆனால் தடித்த மாட்டுக்கு இரட்டை ஊசி போடாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கன்று போட்டு ஆறு வாரம் ஆகாத மாட்டில் "இல்லை" என்று வந்தால் நம்ப வேண்டாம், அந்த நேரத்தில் தோல் மந்தமாக இருக்கும். கன்று போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் என்று வந்த மாட்டுக்கு உடனே மறு ஊசி பயன்படாது. முதல் ஊசியால் தோல் களைத்திருக்கும், 60 நாள் பொறுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில்தான் வியாபாரி வாசலுக்கு வருவான். கொடுத்துவிடாதீர்கள், அந்த மாடு போய் நிற்பது அடுத்த தோட்டத்தில் நம்மைப் போன்ற ஒருவரின் கொட்டிலில். தனியாகக் கட்டுங்கள், காற்று வர ஒரு பக்கப் பலகையைக் கழற்றுங்கள், பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கன்றுக்கும் காய்ச்சி ஆற்றிய பால்தான்.