சால்மன்: தவாவிலா, மெல்லிய சூட்டு ஓவனிலா?

ஆர்டருக்கு ஒவ்வொரு தட்டாகப் போகும் உணவகத்துக்குத் தவாதான். 170 கிராம் துண்டின் தோலைக் கத்தி முதுகால் வழித்து, ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி, தவாவில் வைக்கும் நேரத்தில் உப்பிடுங்கள். எண்ணெய் மினுங்கியதும் தோல் கீழாக வைத்து, முதல் 15 விநாடி தோசைத்திருப்பியால் அழுத்த வேண்டும். விட்டால் தோல் சுருண்டு ஓரம் மட்டும் கருகும், நடுப்பகுதி கொழகொழ. முக்கால்வாசி வேக்காடு தோல் பக்கமே. ஒட்டினால் பிடுங்காதீர்கள், மொறுத்ததும் தானே விடும். சாஸ் மீனுக்கு அடியில். மேலே ஊற்றினால் இவ்வளவு பாடும் வீண்.

நூறு பேர் விருந்துக்கு இது சரிப்படாது. 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் சுமார் 20 நிமிடம், உள்சூடு 50 வந்ததும் எடுத்தால் சதை இதழ் இதழாகப் பிரியும். கொழுப்பு குறைந்த, பண்ணையில் வளர்க்காத சாக்கை (sockeye) வகை சால்மனை 48-லேயே எடுக்கலாம். இந்த முறையில் வெள்ளையாகப் புரதம் கசிவதும் குறைவு. முன்பே 5 சதவீத உப்புநீரில் 10 நிமிடம் ஊறினால் இன்னும் குறையும். தோல் ரப்பராகிவிடும், உரித்தே பரிமாறுங்கள்.

கர்ப்பிணிகள், முதியோர் தட்டுக்கு மட்டும் எந்த முறையானாலும் உள்சூடு 63 டிகிரி.