செயலியை நீக்கினேன், சந்தா நீங்கவில்லை

கைப்பேசியில் நாளிதழ் படிக்க ஆண்டுச் சந்தா கட்ட நினைப்பவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

‘முதல் மாதம் இலவசம்’ என்றது அந்த நாளிதழின் செயலி. கூடவே வங்கி அட்டை விவரத்தையும் கேட்டது. இலவசத்துக்கு எதற்கு அட்டை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மின்னிதழ் என்று அவர்கள் தந்தது அச்சுப் பக்கத்தின் படம், அவ்வளவுதான். அகலத் தாளுக்காக அமைத்த பக்கத்தை உள்ளங்கைத் திரையில் பார்த்தால் செய்திகள் எறும்புச் சாரைபோல் தெரிகின்றன. விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ‘தொடர்ச்சி 7ஆம் பக்கம்’ என்று வந்துவிட்டால் தொலைந்தோம். அங்கே ஓடி, மறுபடி பெரிதாக்கி, விட்ட இடத்தைத் தேடுவதற்குள் செய்தியே மறந்துவிடும். திரைக்கு ஏற்ப எழுத்தை அமைத்துத் தரும் வசதி உண்டு என்று விளம்பரத்தில் பார்த்தேன். அதைத் தொட்டால் பாதிச் செய்திகள் திறக்கவே இல்லை. ஒரே வாரத்தில் செயலியை நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இலவச மாதம் முடிந்த மறுநாள், ஓராண்டுச் சந்தா மொத்தமாகக் கணக்கிலிருந்து போயிருந்தது.

செயலியை நீக்கினால் சந்தா ரத்தாகாது. எனக்கு இது தெரியாது. ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, உங்கள் பெயரைத் தொட்டால் அந்தப் பட்டியல் கிடைக்கும். இலவசக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும்.

என் சந்தாவோ பட்டியலிலேயே இல்லை. பணம் கட்டும் நேரத்தில் செயலி என்னைத் தன் இணையதளத்துக்கு அழைத்துப் போயிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. அங்கே கட்டியதை அங்கேதான் நிறுத்த வேண்டும். சேர்வதற்கு ஒரு பொத்தான் வைத்தவர்கள், விலகுவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே வைத்திருந்தார்கள். மூன்று முறை எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை பெறப்பட்டது’ என்று மூன்று முறையும் பதில் வந்தது. நான்காவது கடிதத்துக்குத்தான் ஒரு மனிதர் பதில் எழுதினார்: தொடங்கிய சந்தாவுக்குப் பணம் திரும்பாது.

இன்னொன்றும் போனது. ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதம் அந்த முதல் வாரத்தில்தான் வெளியானது. அந்த இதழைப் பதிவிறக்கியும் வைத்திருந்தேன். பதிவிறக்கம் என்றால் கோப்பு நம் கைக்கு வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அது செயலிக்குள்ளேயே இருந்திருக்கிறது. செயலியோடு சேர்ந்து அழிந்தது. மறுபடி உள்ளே போய்த் தேடினால் பழைய இதழ்கள் 30 நாள் வரைதான் கிடைக்கும் என்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எரிச்சல்.

கட்டியே ஆக வேண்டும் என்றால் மாதச் சந்தாவாகக் கட்டுங்கள். எந்தச் சேவை எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலில் செய்தித்தாள் சந்தா விற்பதையே அமேசான் 2023இல் நிறுத்திவிட்டது. அப்பேர்ப்பட்ட இடத்திலேயே அப்படி.

அடுத்த ஆண்டும் பணம் எடுக்காதபடி வங்கியில் சொல்லித் தடுத்துவிட்டேன். இந்த ஆண்டுப் பணம் போனது போனதுதான். அதனால் செயலியை மறுபடி இறக்கி, தினமும் காலையில் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.