டிராக்கர் கிராஷ்: சீரியல் லாகா, கோர் டம்ப்பா?

வண்டியில் பொருத்திய இஎஸ்பி32 (மைக்ரோகன்ட்ரோலர் சிப்) டிராக்கர் திடீரென ரீஸ்டார்ட் ஆகிறது, சர்வர் இணைப்பும் அறுந்துபோகிறது. காரணத்தைப் பிடிக்க, லேப்டாப்பில் சீரியல் லாக் (சிப் கேபிள் வழியே அனுப்பும் செய்திகள்) பார்க்கலாம்; இல்லையென்றால் கிராஷ் விவரத்தைக் கோர் டம்ப்பாக (கிராஷ் நேர நினைவகப் பதிவாக) ஃபிளாஷில் சேமிக்கலாம்.

மேசையில் வைத்துச் சோதிக்க சீரியல் லாக்தான் வசதி. பேனிக் (கிராஷ்) செய்தியும், எந்தெந்த ஃபங்ஷன் வழியே அங்கே வந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸும் கண்ணெதிரே ஓடும். வண்டிக்குள் போனால் அதுவே ஏமாற்றும். யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் போர்டுக்கு லேப்டாப்பிலிருந்து 5 வோல்ட் கிடைக்கும். எஞ்சின் ஸ்டார்ட்டாகும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்து வரும் பிரவுன்அவுட் (வோல்டேஜ் குறைந்து சிப் ரீசெட் ஆவது) தலைகாட்டவே காட்டாது. பல போர்டுகள் லேப்டாப்பில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ரீசெட் ஆகிவிடும். வண்டியில் லாக் எடுத்தே ஆகவேண்டுமானால், தனி யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரில் கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ் (பெறும் பின்) மூன்றை மட்டும் இணையுங்கள்.

ஓடும் வண்டிக்குக் கோர் டம்ப்பே என் தேர்வு. ஃபிளாஷைப் பிரிக்கும் பார்ட்டிஷன் டேபிளில் அதற்கு 64 கேபி ஒதுக்கினால் பெரும்பாலும் போதும். வண்டியில் ஓடும் ஃபர்ம்வேர் பில்டின் இஎல்எஃப் கோப்பை (கம்பைல் செய்யும்போது உருவாவது) பத்திரமாக வையுங்கள்; அது இல்லாவிட்டால் டம்ப்பைப் படிக்க வழியில்லை.

பிரவுன்அவுட்டில் டம்ப் பதிவாகாது. அதனால் ஒவ்வொரு பூட்டிலும் ரீசெட் காரணத்தை என்விஎஸ்ஸில் (பவர் போனாலும் அழியாத ஃபிளாஷ் சேமிப்பில்) எழுதுங்கள். அது பிரவுன்அவுட் என்றால் புரோகிராமைத் தொடாதீர்கள், பவரைப் பாருங்கள்: 2ஜி மோடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மோடத்தை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் லோ-இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெப்பாசிட்டர் போடுங்கள். டாஸ்க் வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் பதில் தராத டாஸ்க்கைப் பிடிக்கும் டைமர்) என்றால், அது கண்காணிக்கும் டாஸ்க்கில் டைம்அவுட் இல்லாமல் காத்துக்கிடக்கும் நெட்வொர்க் அழைப்பைத் தேடுங்கள். இஎஸ்பி-ஐடிஎஃப்பில் (இஎஸ்பி32-க்கான அதிகாரப்பூர்வ மென்பொருள் தொகுப்பு) வாட்ச்டாக் இயல்பாக எச்சரிக்கை மட்டுமே தரும், ரீசெட் செய்யாது. பேனிக் ஆகும்படி மாற்றினால்தான் டம்ப் கிடைக்கும்.